மக்காடிக்காடி உப்புவெளியில் வண்டி ஓட்டுவோருக்கு

போட்ஸ்வானாவின் மக்காடிக்காடி உப்புவெளியில், பெருக்க மரங்கள் (பாவோபாப்) நிற்கும் கூபு பாறைத்தீவைப் பார்க்கச் செல்வோர், மழை ஓய்ந்து தரை நன்கு காய்ந்திருக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில், அதுவும் இரண்டு வண்டிகளாகச் செல்வதே நல்லது. அப்பளம்போல் காய்ந்து வெளுத்த மேலோட்டின் அடியில் சாம்பல் நிறச் சேறு ஈரமாகவே இருக்கக்கூடும் என்பதால், ஏற்கெனவே பதிந்துள்ள சக்கரத் தடத்தை விட்டு விலகக் கூடாது. குறுக்கு வழிக்கு ஆசைப்பட்ட வண்டிகள்தாம் அச்சு வரை புதைகின்றன. சக்கரம் வெறுமனே சுழலத் தொடங்கினால், ஆக்சிலரேட்டரை மேலும் மிதிக்காமல், டயர்களில் காற்றைக் குறைத்து, வந்த தடத்திலேயே பின்னோக்கி எடுக்க வேண்டும். டீசலையும் குடிநீரையும் வழியிலுள்ள ஊர்களான நாட்டாவிலோ லெட்லகானேயிலோ நிரப்பிக்கொள்ளுங்கள். விளிம்பிலுள்ள புல்வெளியைக் கடந்ததும், புகைக்குழாயருகே சிக்கியுள்ள காய்ந்த புல்லை மறவாமல் அகற்ற வேண்டும்; அது சூட்டில் தீப்பற்றிக்கொள்ளும்.