வீட்ல ஒருத்தர் தவறிட்டா பேப்பர் வேலைய எங்கேர்ந்து ஆரம்பிக்கறது? இறப்பு சான்றிதழ்லேர்ந்து புரோபேட் வரைக்கும்

எங்க அப்பா தவறினப்போ பதினாறாம் நாள் காரியம் முடியற வரைக்கும் வீட்ல யாரும் ஒரு பேப்பரையும் தொடல, அது சரியும் இல்லன்னு தோணுச்சு. அப்புறம் உக்காந்து பாத்தா எல்லாமே அப்பாவோட பேர்லயே வந்து முட்டிக்கிட்டு நிக்குது. ஆதார்ல இனிஷியல் பின்னாடி, பேங்க் பாஸ்புக்ல முன்னாடி, பட்டாவுல இனிஷியலே இல்லாம தாத்தா பேர த/பெ போட்டு எழுதிருக்கு. ஆஸ்பத்திரி ஃபார்ம்ல ராத்திரி ரெண்டு மணிக்கு மச்சான் என்ன எழுதினாரோ அதுதான் இறப்பு சான்றிதழ்ல வந்துச்சு, அதுல ஒரு எழுத்து வேற. அந்த ஒரு எழுத்துக்கு நான் நாலு மாசம் அலைஞ்சேன். நீங்க அலையக்கூடாதுன்னு தான் இத எழுதறேன். தமிழ்நாட்டு நடைமுறை இது, எங்க வீட்டு கதையும் நடுநடுவுல வரும், பொறுத்துக்கோங்க.

படி 1: இறப்பு சான்றிதழ்

இறப்ப 21 நாளுக்குள்ள பதிவு பண்ணணும். ஆஸ்பத்திரியில இறந்தா அவங்களே தகவல் அனுப்பிடுவாங்க, வீட்ல இறந்தா நாமதான் போகணும், காரியம் முடிஞ்சதும் போலாம்னு இருந்தா கையில அஞ்சு நாள் தான் மிச்சம். கிராமம்னா விஏஓ கிட்ட, டவுன்னா நகராட்சி, பேரூராட்சி, மாநகராட்சி ஆபீஸ்ல. 21 தாண்டி 30 நாளுக்குள்ளன்னா தாமத கட்டணம் கட்டி முடிச்சுடலாம், அதுக்கு மேல போனா மேலதிகாரி அனுமதி, ஒரு வருஷம் தாண்டிட்டா இன்னும் பெரிய இழுபறி. இன்னொண்ணு, எந்த ஊர்ல உயிர் போச்சோ அந்த ஊர்ல தான் பதிவாகும். நாங்க இருக்கறது விருதுநகர் பக்கம், அப்பா போனது மதுரை ஆஸ்பத்திரியில, அதனால மதுரை மாநகராட்சி சான்றிதழ்.

சான்றிதழ் வந்ததும் படிங்க, ஆதார பக்கத்துல வச்சுக்கிட்டு ஒவ்வொரு எழுத்தா படிங்க. பேர், அவரோட அப்பா பேர், முகவரி, இறந்த தேதி. தப்பிருந்தா அப்பவே ஆதாரம் குடுத்து திருத்திடுங்க, ஏன்னா அடுத்து வர்ற ஒவ்வொரு ஆபீசும் இதத்தான் அச்சா வச்சுக்கும். மத்த பேப்பர்கள்ல இருக்கற பேர் வித்தியாசத்துக்கு "இவரும் அவரும் ஒரே ஆள்தான்"னு நோட்டரி கிட்ட ஒரு அபிடவிட் போட்டு வச்சுக்கோங்க, நிறைய இடத்துல ஏத்துக்கறாங்க.

சொல்ல மறந்துட்டேன், அவரோட சிம்ம நிறுத்திடாதீங்க! ஓடிபி எல்லாம் அதுக்குத்தான் வரும், ரீசார்ஜ் பண்ணி உயிரோட வச்சிருங்க. ஆனா ஏடிஎம் கார்ட தொடாதீங்க. பின் நம்பர் தெரியும்னு காரிய செலவுக்கு எடுக்கறவங்க நிறைய பேர், மத்த வாரிசுல ஒருத்தர் கேள்வி கேட்டா அது பெரிய தலைவலி. அவருக்கு பென்ஷன் வந்துட்டு இருந்தா உடனே சொல்லிடுங்க, இறந்த பிறகு ஏறின பென்ஷன திருப்பி எடுத்துக்குவாங்க.

படி 2: வாரிசு சான்றிதழ்

இது தாசில்தார் குடுக்கறது, இ-சேவை மையத்துல விண்ணப்பிக்கணும், கட்டணம் 60 ரூபா. இறந்தவர் வழக்கமா குடியிருந்த தாலுகாவுல தான் போடணும், இறந்த ஊர்ல இல்ல. விஏஓ விசாரிப்பார், ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) பாப்பார், அப்புறம் தாசில்தார்.

இங்கதான் எல்லாரும் கோட்டை விடறது. எங்களுக்கு ஃபார்ம் போட்டவர் அம்மா, நான், தங்கச்சின்னு மூணு பேர் போட்டு சப்மிட் பண்ண போனார். அப்பத்தா இருக்காங்கன்னு சொன்னேன், "அவங்க எதுக்குங்க"ன்னார். 1956 இந்து வாரிசுரிமை சட்டப்படி ஆம்பள இறந்தா முதல் வகுப்பு வாரிசுல மனைவி, மகன், மகளோட அவரோட அம்மாவும் வர்றாங்க, சமமா. அப்பா வரமாட்டார், அவர் ரெண்டாம் வகுப்பு. அதனால எங்க அப்பா தானா சம்பாதிச்ச சொத்துல நாலு சம பங்கு, அதுல ஒண்ணு 84 வயசு அப்பத்தாவுக்கு. கல்யாணம் ஆன மகளயும் விட்டுடாதீங்க, சீர் செஞ்சாச்சுன்னு பேர எடுக்க முடியாது. கிறிஸ்தவங்களுக்கு கணக்கு வேற, பிள்ளைங்க இருந்தா மனைவிக்கு மூணுல ஒரு பங்கு, மிச்சம் பிள்ளைங்களுக்கு. முஸ்லிம்களுக்கு ஷரியத் பங்கு.

ஒரு ஆள விட்டுட்டு சான்றிதழ் வாங்கினா பிற்பாடு ரத்தாகும், அத வச்சு செஞ்ச எல்லாமே ஆடும். இன்னொரு விஷயம், இந்த சான்றிதழ் யார் யார் வாரிசுன்னு மட்டும் தான் சொல்லும், சொத்து யாருக்குன்னு சொல்லாது.

படி 3: பேங்க்

மொதல்ல பாஸ்புக்க என்ட்ரி போட்டு வாங்கி ஒரு மணி நேரம் உக்காந்து பாருங்க. மே மாசக் கடைசில 436 ரூபா, 20 ரூபான்னு பிடிச்சிருந்தா அது மத்திய அரசு இன்சூரன்ஸ். 436ன்னா ஜீவன் ஜோதி, எப்படி இறந்தாலும் 2 லட்சம். 20 ரூபான்னா விபத்துக்கு 2 லட்சம். இது இருக்கறதே தெரியாம விட்ட வீடுகள் எத்தனையோ, எங்களுக்கே தற்செயலாத்தான் கண்ணுல பட்டுச்சு.

நாமினி இருந்தா வேலை சுலபம், இறப்பு சான்றிதழ், கிளைம் ஃபார்ம், நாமினியோட அடையாள அட்டை, அவ்ளோதான். ஆனா நாமினின்னா பணம் அவருக்கே சொந்தம்னு நினைச்சுக்காதீங்க, வாங்கி வாரிசுகளுக்கு குடுக்க வேண்டிய கை அது, அவ்வளவுதான். 1984லயே இன்சூரன்ஸ் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு (லைஃப் இன்சூரன்ஸ்ல மட்டும் மனைவி, பிள்ளைங்க, அப்பா அம்மா நாமினியா இருந்தா அதுக்கான சட்டம் 2015ல மாறிடுச்சு), 2023 டிசம்பர்ல ஷேருக்கும் அதையே சொல்லிடுச்சு. இது தெரியாம அண்ணன் தம்பி பேச்சு நின்னு போன குடும்பம் எங்க தெருவுலயே இருக்கு.

நாமினி இல்லன்னா வாரிசு சான்றிதழ், பணம் வேண்டாம்னு சொல்ற மத்த வாரிசுகளோட கடிதம், பிற்பாடு யாராவது உரிமை கேட்டு வந்தா நாங்க பொறுப்புன்னு எழுதித் தர்ற ஈட்டுறுதி பத்திரம்னு கேப்பாங்க. எங்க பேங்க் கிளையில இருந்த ஆபீசர் அம்மா, இந்தப் பணத்த வாங்க உரிமை யாருக்குன்னு கோர்ட் குடுக்கற சக்சஷன் சர்டிபிகேட் தான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னாங்க, தொகை ரெண்டு லட்சம் கூட இல்ல. ரிசர்வ் பேங்க் 2025 செப்டம்பர்ல விதிய தெளிவா போட்டிருக்கு: வணிக வங்கியில 15 லட்சம் வரைக்கும், கூட்டுறவு வங்கியில 5 லட்சம் வரைக்கும் எளிய முறையில முடிக்கணும், பேப்பர் எல்லாம் குடுத்த 15 நாளுக்குள்ள பணம் வரணும். எல்லா பேங்கும் 2026 மார்ச் 31க்குள்ள இதுக்கு மாறணும்னு கெடு குடுத்தாங்க. வாயால கேக்காதீங்க, எழுதி குடுத்து சீல் போட்ட நகல் வாங்குங்க, அதுக்கப்புறம் பேச்சு தொனியே மாறும்.

பழைய டெபாசிட் எங்கேயாவது கிடக்குதோன்னு சந்தேகம்னா ரிசர்வ் பேங்கோட உத்கம் போர்ட்டல்ல பேர் போட்டு தேடலாம்.

படி 4: உயில் இருந்தா

எங்க அப்பா உயில் எழுதல. பெரியம்மா வீட்ல இருந்துச்சு, அதனால இதுவும் தெரியும். உயிலுக்கு ரெண்டு சாட்சி கையெழுத்து வேணும், பதிவு பண்ணணும்னு கட்டாயம் இல்ல. ஒரிஜினல லேமினேட் பண்ணாதீங்க, தயவு செஞ்சு.

புரோபேட்னா இந்த உயில் உண்மையானதுதான்னு கோர்ட் முத்திரை குத்தி குடுக்கறது. சென்னை எல்லைக்குள்ள சொத்து இருந்தாலோ உயில் அங்க எழுதப்பட்டிருந்தாலோ இந்துக்களுக்கு புரோபேட் கட்டாயம்னு இருந்துச்சு, மத்த மாவட்டத்துல அப்படி இல்ல. 2025 டிசம்பர்ல பார்லிமென்ட், அத கட்டாயமாக்கின 1925 இந்திய வாரிசுரிமை சட்டத்தோட (மேல சொன்ன 1956 சட்டம் இல்ல) 213வது பிரிவையே எடுத்துடுச்சு. இப்ப கட்டாயம் போச்சு, வேணும்னா வாங்கிக்கலாம். என்னைக் கேட்டா வாரிசுல ஒருத்தர் முறைச்சுக்கிட்டு இருந்தாலே வாங்கிடறது நல்லது. ஏன்னா ஒருத்தர் ஆட்சேபணை குடுத்தா தாசில்தார் ஆபீஸ்ல "சிவில் கோர்ட்டுக்கு போங்க"ன்னு ஃபைல மூடிடுவாங்க.

சென்னைன்னா ஹைகோர்ட், வெளியூர்னா மாவட்ட கோர்ட். மனு, ஒரிஜினல் உயில், இறப்பு சான்றிதழ், சொத்து பட்டியலும் மதிப்பும், சாட்சில ஒருத்தரோட அபிடவிட். மத்த வாரிசுகளுக்கு நோட்டீஸ் போகும், யாரும் எதுக்கலன்னா உத்தரவு வந்துடும், எதுத்தா அது வழக்காவே மாறிடும். உயில்ல நிறைவேத்தறவர் பேர் இல்லன்னா புரோபேட் கிடைக்காது, உயில் இணைச்ச நிர்வாக அதிகாரப் பத்திரம்னு வேற பேர்ல குடுப்பாங்க, வேலை ஒண்ணுதான். சாட்சி ரெண்டு பேரும் உயிரோட இருக்காங்களான்னு மொதல்லயே பாத்துடுங்க, பெரியம்மா வீட்ல ஒருத்தர் போய் சேந்துட்டார், இன்னொருத்தர தேடி கோயம்புத்தூர் வரைக்கும் போனோம்.

படி 5: நிலம், வீடு

வில்லங்க சான்றிதழ் போட்டு பாத்துட்டு, வாரிசு சான்றிதழோட பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிச்சா எல்லார் பேர்லயும் கூட்டுப் பட்டா வரும். அப்பத்தா பங்க அப்படியே விட்டா அவங்க காலத்துக்கு பிறகு அது சித்தப்பா, அத்தை வரைக்கும் போகும், அப்ப கையெழுத்து எட்டு பேர்கிட்ட வாங்கணும். அதனால அப்பத்தாகிட்ட பேசி, சித்தப்பாவையும் கூட வச்சுக்கிட்டு, அவங்க பங்க எங்களுக்கு விட்டுக்குடுக்கற விடுதலைப் பத்திரம் பதிவு பண்ணினோம். குடும்பத்துக்குள்ளன்னா முத்திரைக் கட்டணம் 1 சதவீதம் தான், அதுக்கு உச்சவரம்பும் உண்டு. வெள்ளத்தாள்ல எழுதி வாங்கிக்கறது செல்லாது, பதிவு பண்ணியே ஆகணும்.

சார் பதிவாளர் அப்பத்தாவ பாத்து "யாராச்சும் கட்டாயப்படுத்தினாங்களா பாட்டி"ன்னு கேட்டார். "என் மகன் நிலத்த என் பேரப்பிள்ளைக்கு குடுக்க என்னய எவன்யா கட்டாயப்படுத்துவான்"னு கேட்டுட்டு கைநாட்டு வச்சாங்க. ஈபி, வீட்டு வரி, பைக் ஆர்சி எல்லாம் அதுக்கப்புறம் ஒவ்வொண்ணா மாத்தினேன். பைக்குக்கு மட்டும் மூணு மாச கெடு இருக்கு, அத நான் தாண்டிட்டேன், நீங்க தாண்டாதீங்க.