குட்டி லோட் செல்ல மாட்டும்போதே கெடுத்துடாதீங்க

மெஷின்ல தள்ளி இழுக்குற ஆக்சுவேட்டர் ராடுக்கும் டூலுக்கும் நடுவுல மாட்டுற விரல் நீள லோட் செல் இருக்கே, ரெண்டு முனையிலயும் த்ரெட் வெச்சு இழுக்குற விசை அமுக்குற விசை ரெண்டையும் அளக்குமே, அது ஓடும்போது போறத விட மாட்டும்போதே போறதுதான் அதிகம்னு நான் உறுதியா சொல்வேன்.

உள்ள இருக்குறது மெலிசா கடைஞ்ச மெட்டல், அது மேல ஒட்டின ஸ்ட்ரெய்ன் கேஜ் (மெட்டல் லேசா நீள்றத, சுருங்குறத மின் சிக்னலா காட்டுறது), அவ்ளோதான். நீளவாக்குல வர்ற விசைய தாங்கத்தான் அதை செஞ்சிருக்காங்க, முறுக்க இல்ல. ஒரு முனைய வைஸ்ல பிடிச்சுட்டு மறுமுனைல லாக் நட்ட இறுக்கினா அந்த முறுக்கு மொத்தமும் மெலிசான இடம் வழியாதான் போகும். அதனால எந்தப் பக்கம் இறுக்குறீங்களோ அந்தப் பக்கத்து ஃபிளாட்லயே (ஸ்பேனர் பிடிக்க தட்டையா வெட்டின இடம்) இன்னொரு ஸ்பேனர் போட்டு பிடிங்க, டேட்டாஷீட்ல இருக்குற டார்க் அளவ, அதாவது முறுக்கு விசை அளவ, தாண்டாதீங்க. இன்னொண்ணு, டிஸ்ப்ளேவ ஆன் பண்ணி வெச்சுட்டே இறுக்குங்க, நட்டு இறுக இறுக ரீடிங் எகிறுதுன்னா உடனே நிறுத்திடணும், இறுக்கி முடிச்சப்புறம் பாத்து பிரயோஜனம் இல்ல.

அடுத்தது அலைன்மென்ட். ரெண்டு பக்கமும் இறுக்கமா போல்ட் பண்ணா ஃபிக்சர்ல இருக்குற சின்ன கோணல் கூட பக்கவாட்டு விசையா செல் மேல ஏறும். இழுக்குற வேலைக்கு ரெண்டு பக்கமும் ராட் எண்ட் பேரிங் (லேசா சாய விடுற உருண்டை மூட்டு) போடுங்க, தானா நேராகிடும். ஆனா அதையே அமுக்குற வேலைக்கும் போடுறாங்க பாருங்க, கைடு இல்லாட்டி அந்த ஜாயின்ட் மடங்கிடும், அங்க ஒரு பக்கம் கெட்டியா பிடிச்சு மறுபக்கம் உருண்டை முனை வெச்சு தள்ளுறதுதான் சரி.

கெப்பாசிட்டி எடுக்கும்போது நிலையான லோட மட்டும் பாக்காதீங்க, ஒரு எடைய மோதாம சட்டுனு விட்டாலே விசை ஒரு கணம் ரெண்டு மடங்கு போகும், பிரஸ் வந்து முட்டுச்சுன்னா அதுக்கும் மேல. அதுக்குன்னு பயந்து ரொம்ப பெருசு வாங்கினாலும் கஷ்டம், ஏன்னா ஃபுல் லோடுக்கே வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட்தான் தர்ற செல்லுக்கு 10 வோல்ட் குடுத்தா கிடைக்குறது 20 மில்லிவோல்ட், 50 கிலோ செல்ல வெச்சு 1 கிலோ அளந்தா கையில மிஞ்சுறது வெறும் 0.4 மில்லிவோல்ட், மோட்டார் டிரைவ் கேபிள் பக்கத்துல வர்ற மின் இரைச்சல்ல அது காணாம போயிடும்.

லோட் செல் சிக்னல டிஜிட்டலா மாத்துற எச்எக்ஸ்711 போர்டு மலிவா கிடைக்குதுன்னு, பிரஸ் ஃபிட்ல (ஒரு பாகத்த இன்னொண்ணுக்குள்ள அமுக்கி ஏத்துறது) வர்ற உச்ச விசைய, அதாவது பீக்க, பிடிக்க மாட்டுறது இன்னொரு தப்பு. அது செகண்டுக்கு அதிகபட்சம் 80 ரீடிங்தான் எடுக்கும், சில மில்லிசெகண்ட்ல வந்துட்டு போற பீக் அதுல விழவே விழாது. எடை பாக்க நல்ல சிப், இதுக்கு இல்ல.

நாலு வயர் செல்லோட கேபிள வெட்டி சுருக்குனா காலிபரேஷன் (தெரிஞ்ச விசைய வெச்சு ஒப்பிட்டு குறிச்ச அளவு) நகர்ந்துடும், சுருட்டி கட்டி வெச்சிடுங்க. அப்புறம் இழுவைல மட்டும் காலிபரேட் பண்ணிட்டு அதே நம்பர அமுக்குறதுக்கும் வெச்சுக்காதீங்க, ரெண்டு திசைக்கும் அவுட்புட் லேசா மாறும், வாங்கும்போதே ரெண்டுக்கும் தனித்தனி சர்டிஃபிகேட் கேட்டு வாங்குங்க.