பழைய ராஜகாலுவேயைத் தோண்டி எடுக்கப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

பெங்களூர்ல ரெண்டு நாள் சேர்ந்தாப்ல மழை பேஞ்சா போதும், ஏரியா வாட்ஸ்அப் குரூப்ல யாராவது ஒருத்தர் பழைய வில்லேஜ் மேப்பை போட்டோ எடுத்துப் போட்டு, நம்ம தெருவுக்கு அடியில ராஜகாலுவே (ஏரிக்கு ஏரி மழைத்தண்ணி போற பெரிய கால்வாய்) ஓடுது, தோண்டி எடுத்துரலாம் வாங்கன்னு கிளம்பிருவாரு. 2022 செப்டம்பர்ல ஏமலூர், பெல்லந்தூர் பக்கம் டிராக்டர்ல ஏறி ஆபீஸ் போனாங்களே, அதுக்கப்புறம் இந்த ஆர்வம் இன்னும் ஜாஸ்தி ஆயிருச்சு. நல்ல விஷயம்தான், வேணாம்னு யாரும் சொல்லல. ஆனா ஆர்வத்துல ஆரம்பிச்சு, பாதியில நின்னு, கடைசியில ஏரியாக்காரங்களே "பழையபடி மூடித் தொலைங்கப்பா"ன்னு கேக்கற நிலைமைக்கு வந்த இடங்களும் இருக்கு.

எல்லாத் தப்புக்கும் வேர் ஒண்ணுதான். காலுவேன்னா கல்லு, கட்டடம், பழைய பொருள்னு நினைச்சுக்கிறோம். அது ஒரு மட்டம், அவ்வளவுதான். மேல இருக்கிற ஏரி ரொம்பி கலிங்கு வழியா வழிஞ்ச தண்ணி கீழ இருக்கிற ஏரிக்கு இறங்கிப் போன சரிவு. இந்த ஊருக்குன்னு பெரிய ஆறு எதுவும் கிடையாது, கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேல ஒரு முதுகு மாதிரி மேட்டுல உக்காந்திருக்கு. அதனால பேஞ்ச தண்ணி விருஷபாவதி பக்கமா இறங்குனா காவிரிக்குப் போகும், கோரமங்களா சல்லகட்டா பக்கமோ ஹெப்பாள் பக்கமோ இறங்குனா தென்பெண்ணைக்குப் போகும். நடுவுல இருந்த ஏரிங்க நிறைய போயிருச்சு, தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட் ஆயிருச்சு, சம்பங்கி ஏரி கண்டீரவா ஸ்டேடியம் ஆயிருச்சு, கரகத் திருவிழாவுக்குன்னு ஒரு குட்டிக் குளம் மட்டும் மிச்சம். ஏரி போனாலும் சரிவு போகல, மழை பேஞ்சா தண்ணி இன்னும் அந்த வழியைத்தான் தேடுது.

இதைப் புரிஞ்சுக்காம பண்ற பெரிய தப்பு, எங்க கல்லு தெரியுதோ அங்கயிருந்து தோண்ட ஆரம்பிக்கறது. ஒரு இடத்துல இப்படித்தான், பேரு வேணாம், நடுவுல ஒரு துண்டை மட்டும் அழகா தோண்டி கல்லெல்லாம் கழுவி ரிப்பன் கட்டாத குறையா வச்சிருந்தாங்க, கீழ்ப்பக்கம் ரோட்டுக்கு அடியில இருந்ததோ ரெண்டு ஹியூம் பைப், அதுலயும் ஒண்ணு கேபிள்காரங்க போட்ட மண்ணுல பாதி அடைஞ்சு கிடக்கு. முதல் மழைக்கே தோண்டுன துண்டு தொட்டி ஆகி, பக்கத்துல இருந்த கிரவுண்ட் ஃப்ளோர் வீடுங்களுக்குள்ள தண்ணி புகுந்துருச்சு, முன்னாடி அந்த வீட்டுக்குள்ள தண்ணியே வந்ததில்ல. கீழ இருந்து மேல போகணும். தண்ணி கடைசியா எங்க போய் விழப்போகுதோ அந்த ஏரி வாசலைத் திறந்து, அதுக்கப்புறம் கல்வெர்ட்டுங்களை, அதாவது ரோட்டுக்கு அடியில தண்ணி போற சின்னப் பாலங்களை, ஒண்ணொண்ணா பாத்துக்கிட்டு மேல ஏறி வரணும். போட்டோவுக்கு நல்லா இருக்காது, என்ன பண்றது.

மட்டம் பாக்கறதுக்கு மொதல்லயே பெரிய மெஷின் வேணும்னு இல்ல. 100 மீட்டருக்கு 20 சென்டிமீட்டர் இறக்கம் இருந்தாலே தண்ணி ஓடிரும், இந்த இறக்கம் கண்ணுக்குத் தெரியாது, ஆனா மேஸ்திரி கையில இருக்கிற ட்யூப் லெவலுக்கு (தண்ணி ரொப்புன டியூப்) தெரியும். தோண்டறதுக்கு முன்னாடி முழு நீளத்துக்கும் எந்த மேன்ஹோல் மூடி எவ்வளவு உயரம், எந்த கல்வெர்ட்டோட அடி எவ்வளவு ஆழம்னு ஒரு நோட்டுல எழுதிப் பாருங்க, பாதி சண்டை அங்கயே தீர்ந்துரும். அப்புறமா சர்வேயரைக் கூப்பிட்டு ஆட்டோ லெவல் வச்சு சரி பாத்துக்கலாம்.

அடுத்தது மேப். பழைய கிராம மேப்பை கூகுள் எர்த் மேல ஒட்டி வச்சு, "இதோ பாருங்க, கோடு சரியா இந்த வீட்டு கிச்சன் வழியா போகுது"ன்னு சொல்றவங்களைப் பாத்தா எனக்கு பயமா இருக்கும். இங்க இருக்கிற கிராம மேப் 1:7920 அளவுல போட்டது, அதாவது காயிதத்துல 1 மில்லிமீட்டர் தரையில கிட்டத்தட்ட 8 மீட்டர். பென்சில் கோடு தடிமனா இருந்தா ஒரு ரோடே அதுக்குள்ள அடங்கிரும், அது போக காயிதம் மடிஞ்சது, ஜெராக்ஸ்ல இழுத்தது, ஒட்டும்போது கோணல் ஆனது எல்லாம் சேர்ந்துக்கும். திஷாங்க் ஆப்ல நின்ன இடத்துக்கு சர்வே நம்பர் தெரியும், அது நல்ல ஆரம்பம், ஆனா அதைக் கையில வச்சுக்கிட்டு ஒருத்தர் வீட்டு சுவத்துல சிவப்பு பெயின்ட் அடிக்கற உரிமை யாருக்கும் கிடையாது. பாந்து கல்லு, அதாவது பழைய எல்லைக் கல்லு, எங்கயாவது மிச்சம் இருக்கான்னு தேடி, சர்வே டிபார்ட்மென்ட் ஆள் வந்து அளந்து கொடுக்கணும். பஹணியில (நிலத்தோட வருவாய்ப் பதிவேடு) பி-கராப்னு போட்டிருந்தா அது ரோடு, ஓடை மாதிரி பொது உபயோகத்துக்கு விட்ட நிலம், அதையும் எடுத்துப் பாருங்க. கூகுள் எர்த்ல பின்னாடி போய்ப் பாக்கலாம்னா 2000-க்கு அப்புறம்தான் ஏதாவது கிடைக்கும், அதுக்குள்ள பாதி ஊரு மூடியாச்சு. 1960கள்ல அமெரிக்காக்காரன் எடுத்த கொரோனா உளவு சாட்டிலைட் படங்கள் இப்ப வெளிய விட்டிருக்காங்க, அதுல வயலும் ஏரியும் வாய்க்காலும் கோடு கோடா தெரியும், இதை ஏன் யாரும் யூஸ் பண்றதில்லன்னு தெரியல.

மேப்பும் மட்டமும் ஒத்துப் போனாலும் ஜேசிபியை உடனே இறக்காதீங்க. ஜேசிபி பக்கெட்டுக்கு குப்பை மண்ணும் தெரியாது, நூறு வருஷக் கரையும் தெரியாது, ரெண்டையும் ஒரே வாரா வாரிரும். முதல்ல காலுவே ஓடுற திசைக்குக் குறுக்கால சின்னச் சின்னக் குழியா கையால வெட்டணும். ரெண்டு பக்கக் கரையும் தெரியற வரைக்கும் அகலப்படுத்தணும். விவேக்நகர் பின்னாடி ஒரு குழி வெட்டும்போது நின்னு பாத்தேன், தர்மபுரி பக்கத்து மேஸ்திரி ஒருத்தர், மேல ரெண்டடிக்கு டைல்ஸ் உடைசல், கான்கிரீட் கட்டி, அப்புறம் பால் கவரும் குட்கா பாக்கெட்டும் நிறைஞ்ச கறுப்பு மண்ணு, அதுக்கும் கீழ திடீர்னு பிளாஸ்டிக்கே இல்லாத மண்ணு. அவரு குழிக்குள்ளயே குத்த வச்சு உக்காந்து கொஞ்சம் எடுத்து விரல்ல தேய்ச்சுப் பாத்துட்டு, "சார், இது ஓடுன மண்ணு"ன்னாரு. எப்படிண்ணே சொல்றீங்கன்னு கேட்டதுக்கு, "நறநறன்னுதே, ஓடுற தண்ணி மணலைப் போடும், நின்ன தண்ணிதான் களியைப் போடும்"னாரு. அதுக்கப்புறம் சர்வேயர் வந்து அளந்தப்போ காலுவேயோட அடி கிட்டத்தட்ட அந்த மட்டத்துலதான் இருந்துச்சு. பிளாஸ்டிக் எந்த ஆழத்துல நிக்குதுன்னு குறிச்சு வைங்க, அதுக்குக் கீழ கைக்கருவிதான், கடப்பாரையையே மெதுவா போடணும்.

ஜேசிபி வேணாங்கறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. இந்த ஊர்ல சாக்கடை மெயின் லைனும் சரிவைப் பாத்துத்தான் போட்டிருக்காங்க, அதனால அது நிறைய இடத்துல காலுவேக்குள்ளயோ ஒட்டியோ தான் ஓடும். கூடவே பெஸ்காம் கரண்ட் கேபிள், கேஸ் பைப். ஒரு பைப்பை உடைச்சீங்கன்னா அன்னைக்கே ப்ராஜெக்ட் முடிஞ்சுது.

ஸ்லாப் போட்டு மூடுன காலுவேயைத் திறக்கும்போது ஒரு விஷயத்துல விளையாடவே கூடாது, யாரையும் உள்ள இறக்காதீங்க. அடைஞ்சு கிடக்கிற கழிவுநீர்ல ஹைட்ரஜன் சல்ஃபைடு தேங்கும், கொஞ்சமா இருந்தா அழுகின முட்டை நாத்தம், அளவு ஏறுனா மூக்கு மரத்துப் போய் நாத்தமே தெரியாது, நாத்தம் இல்லையேன்னு இறங்குறவன்தான் போய்ச் சேருவான். 2013 சட்டப்படி பாதுகாப்பு இல்லாம ஆளை இறக்கறது குற்றம், உயிர் போனா 30 லட்சம் நஷ்ட ஈடுன்னு 2023ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. ஸ்லாபுங்களைத் தூக்கி நல்லா காத்தாட விட்டு, கேஸ் மீட்டர் வச்சுப் பாத்து, மெஷினால வாருங்க. "ரெண்டு நிமிஷ வேலைதானே சார்"னு சொல்ற கான்ட்ராக்டரை அன்னைக்கே அனுப்பிருங்க.

சாக்கடையைத் திருப்பி விடாம காலுவேயைத் திறக்கறதும் வீண் வேலை. கே-100னு ஒரு திட்டம் கேள்விப்பட்டிருப்பீங்க, சிட்டி நடுவுல இருந்து பெல்லந்தூர் பக்கமா போற கோரமங்களா காலுவேயைச் சரி பண்ற வேலை, அங்க நடைபாதையும் செடியும்தான் போட்டோல வருது, ஆனா உண்மையான வேலை பக்கத்துல இருந்து வந்து சேர்ற கழிவுநீரை மறிச்சுத் திருப்பறதுதான். உங்க தெருவுலயும் அப்படித்தான், ஒவ்வொரு வீட்டுப் பைப்பும் எங்க போய்ச் சேருதுன்னு கலர் தண்ணி ஊத்திப் பாத்து லிஸ்ட் எடுங்க. அதைச் செய்யாம திறந்தா, கொசு வருதுன்னு ஏரியா அக்காங்கதான் முதல்ல சண்டைக்கு வருவாங்க, அவங்க சொல்றதும் நியாயம்தான். நாம விடறது இங்கயே நிக்கறதும் இல்ல, ஓசூர் கெலவரப்பள்ளி அணையில நுரை பொங்குதுன்னு நியூஸ்ல பாக்கறோமே, அது இந்த ஊர்ல இருந்து தென்பெண்ணையில இறங்குன தண்ணிதான். வாரி எடுத்த சேத்தை கரையிலயே குவிச்சு வைக்காதீங்க, அடுத்த மழைக்கு திரும்பி உள்ளதான் போகும். கறுப்பா இருக்கு, நல்ல உரம்னு மாடித் தோட்டத்துக்கு அள்ளிட்டுப் போறவங்களும் இருக்காங்க, பேக்டரி தண்ணி கலந்த காலுவேன்னா அதுல ஈயம், குரோமியம் எல்லாம் இருக்கலாம், டெஸ்ட் பண்ணாம தொடாதீங்க.

இப்ப கல்லு விஷயத்துக்கு வரேன், இங்கதான் நல்ல எண்ணத்தோட நாசம் பண்ணுவாங்க. பழைய கரை நிறைய இடத்துல கல்லு மேல கல்லு வச்சு அடுக்குனது, இல்லன்னா சுண்ணாம்புக் காரை போட்டது. இடுக்கெல்லாம் ஓட்டையா இருக்கேன்னு சிமென்ட் பூசி அடைச்சு, மேல சாம்பல் கலர் பெயின்ட்டும் அடிச்சா பாக்க நீட்டா இருக்கும். ஆனா அந்த இடுக்கு வழியாத்தான் பின்னாடி மண்ணுல ஊறுன மழைத்தண்ணி வெளிய வந்துட்டு இருந்துச்சு. அதை அடைச்சிட்டா மண்ணோட எடை, தண்ணியோட அழுத்தம் ரெண்டும் சேர்ந்து சுவரை உள்ள தள்ளும், ஒரு மழைக்காலத்துல வயிறு தள்ளும், அடுத்ததுல சரியும். செங்கல் கரைன்னா இன்னும் மோசம், சிமென்ட் இறுக்கமா நிக்கும், ஈரம் வெளிய போக வழியில்லாம செங்கல்தான் உதிரும். காரை போட்ட இடத்துல திரும்ப காரையே போடுங்க. வெறும் சுண்ணாம்பு காத்துப் பட்டுத்தான் இறுகும், தண்ணிக்குள்ள இறுகாது, அதனால செங்கல் பொடி கலந்த சுர்க்கிதான் இதுக்குச் சரி, வேலை முடிஞ்சதும் ஈரச் சாக்கு போட்டு காய விடாம பாத்துக்கணும். அடுக்குக் கல் சரிஞ்சிருந்தா பிரிக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கல்லுக்கும் சாக்பீஸ்ல நம்பர் போட்டு போட்டோ எடுத்துக்கங்க. அடியில கான்கிரீட் போடறதைப் பத்தி தனியாவே சண்டை போடலாம், குறுகலான சந்துன்னா வேற வழி இல்லாம இருக்கலாம், இடம் இருக்கிற இடத்துல போட்டா தண்ணி பூமிக்குள்ள இறங்காது, வேகமா ஓடிப் போய் கீழ இருக்கிறவன் தலையில கொட்டும்.

எழுத்து இருக்கிற கல்லு கிடைச்சா கதையே வேற. தொம்லூர் சொக்கநாதர் கோயில்ல தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது நம்மாளுங்க பல பேருக்குத் தெரியும், ஊரைச் சுத்தி இப்படி எத்தனையோ, 1905லயே பி.எல். ரைஸ்னு ஒரு கல்வெட்டு ஆய்வாளர் தொகுத்துப் புத்தகமா போட்டாரு, அதுல பல கல்லு இன்னைக்கு எங்கன்னு தெரியாது. ஆசிட் ஊத்திக் கழுவறது, எழுத்துல பெயின்ட் அடிக்கறது, மஞ்சள் குங்குமம் பூசி மரத்தடியில நட்டு வைக்கறது எதுவும் வேணாம். கிடந்த இடத்துலயே போட்டோ எடுத்து, தொல்லியல் துறைக்குச் சொல்லுங்க. மிதிக் சொசைட்டியில கல்வெட்டுங்களை 3டி ஸ்கேன் பண்ற டீம் இருக்கு, அவங்களுக்கும் சொல்லலாம். கே.ஆர். மார்க்கெட் கோட்டை, திப்பு அரண்மனை மாதிரி மத்திய தொல்லியல் துறை பாதுகாக்கிற இடத்துப் பக்கம்னா 100 மீட்டருக்குள்ள கட்டுமானமே கூடாது, அதுக்கு வெளிய இன்னும் 200 மீட்டருக்கு பர்மிஷன் வேணும்.

பழைய அகலத்துக்கு மீட்டுட்டா போதும்னு நினைக்கறதும் தப்பு. அந்த அகலம் சுத்தி வயலா இருந்த காலத்துக்கு. இன்னைக்கு எல்லாம் மொட்டை மாடியும் தாரும், 30க்கு 40 அடி சைட்ல 25 மில்லிமீட்டர் மழை பேஞ்சா கிட்டத்தட்ட 2,800 லிட்டர், அத்தனையும் அரை மணி நேரத்துல காலுவேக்கு வருது. மேல இருக்கிற வீடுங்க தொட்டியும் உறிஞ்சு குழியும் போடாம கீழ எவ்வளவு அகலப்படுத்துனாலும் பத்தாது.

வீடுங்க விஷயம் சிக்கலானது. பஃபர், அதாவது காலுவே ஓரமா கட்டடம் கட்டாம விட வேண்டிய இடம், எவ்வளவுன்னு ஆளாளுக்கு ஒரு நம்பர் சொல்வாங்க. 2016ல பசுமைத் தீர்ப்பாயம் காலுவேக்கு 50, 35, 25 மீட்டர்னு ஏத்துனதை 2019ல சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணியாச்சு, இன்னும் அதையே ஃபார்வர்ட் பண்ணிட்டு இருக்காங்க. இடிக்கற மெஷினும் எப்பவும் ஷீட் கூரை போட்ட ஏழை வீட்டுல ஆரம்பிச்சு, பெரிய காம்பவுண்ட் வந்ததும் ஸ்டே ஆர்டரோட நின்னுரும். நீங்க ஆரம்பிக்கற வேலை அந்த வரிசையில போய்ச் சேராம பாத்துக்கங்க, அளவு ரிப்போர்ட்டை தெருவுல எல்லாருக்கும், கன்னடத்துலயும் தமிழ்லயும், முன்னாடியே காட்டிருங்க.

பெஞ்சு, லைட்டு, செல்ஃபி பாயின்ட் எல்லாம் கடைசி. அதுக்கு முன்னாடி காலுவேக்குள்ள தண்ணி நுழையற ஒவ்வொரு வாய்க்கும் கம்பி வலை போட்டு, அதுல சேர்ற குப்பையை யார் எடுக்கறதுன்னு எழுத்துல வாங்குங்க. 2025ல பிபிஎம்பிங்கற ஒரே மாநகராட்சி போய் அஞ்சு மாநகராட்சி ஆயிருச்சு, மேல பாதி ஒரு கார்ப்பரேஷன், கீழ பாதி இன்னொண்ணுன்னு வர்ற காலுவேல ரெண்டு இன்ஜினியரையும் ஒரே நாள் கூப்பிட்டு நிக்க வச்சு கையெழுத்து வாங்கணும். ஏப்ரல் கடைசிக்குள்ள வாங்கிருங்க, மே மாசம் மழை ஆரம்பிச்சா ஒருத்தரும் போன் எடுக்க மாட்டாங்க.