ஆண்டிறுதிப் புத்தகப் பட்டியலும் காணாமல் போன குதிரையும்

எங்கள் வாசகர் வட்டத்தில் புதிதாகச் சேர்ந்த மூன்று பேர் ‘இந்த ஆண்டு எனக்குப் பிடித்த புத்தகங்கள்’ என்று எழுதி, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள் என்று அனுப்பியிருந்தார்கள். மூன்றையும் படித்தபோது பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய என் பட்டியலையே படிப்பது போலிருந்தது. அதே உற்சாகம், அதே ஓட்டைகள். எழுத்துப்பிழை, ஆசிரியரின் தலைப்பெழுத்தை மாற்றிப் போடுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை யாராவது ஒருமுறை சொன்னால் சரியாகிவிடும். மற்ற ஓட்டைகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பட்டியல் போடும் எல்லோரும் மறப்பது ஒன்று உண்டு. டிசம்பரில் நீங்கள் எழுதுவதை வைத்துத்தான் பலர் ஜனவரியில் புத்தகம் வாங்குகிறார்கள். பொங்கலையொட்டி வரும் சென்னைப் புத்தகக் காட்சி 1977இல் தொடங்கியது. இப்போது நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கிறது. அங்கே யாரோ ஒருவர் உங்கள் பட்டியலைக் கைப்பேசியில் திறந்து வைத்துக்கொண்டு அரங்கு அரங்காகத் தேடிக்கொண்டிருப்பார். உங்களுக்கு அது நினைவுக் குறிப்பு. அவருக்கு மளிகைச் சீட்டு.

டிசம்பரில் உட்கார்ந்து யோசிப்பது

யோசித்தால் அக்டோபருக்குப் பிறகு படித்தவை மட்டும்தான் வரும். பிப்ரவரியில் இரவெல்லாம் கண் விழித்துப் படித்த நாவலின் பெயர்கூட நாக்கு நுனியில் நின்றுவிடும். நான் ஒரு வருடம், ஒரு தொகுப்பில் இருந்த சிறுகதையை இன்னொரு தொகுப்பில் இருப்பதாக எழுதி, நாலு பேரை அலைய விட்டிருக்கிறேன். இப்போதெல்லாம் புத்தகத்தின் கடைசி வெற்றுப் பக்கத்தில் பென்சிலால் மூன்று விஷயம் எழுதி வைக்கிறேன்: முடித்த தேதி, மறுபடி பார்க்க வேண்டிய பக்க எண், எனக்கு ஒத்துவராத ஏதாவது ஒன்று. மூன்றாவது முக்கியம். குறை ஒன்றும் நினைவில்லாத புத்தகத்தைப் பற்றி ‘அருமை’ என்பதற்கு மேல் எழுத வராது.

பத்து என்ற எண்

ஆறுதான் பிடித்ததா? ஆறு எழுதுங்கள்.

எந்தப் பதிப்பு, யார் மொழிபெயர்ப்பு என்று சொல்லாமல் விடுவது

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். பாதிக் கோபம் என்மீதுதான்.

ஒரு வருடம் தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ நாவலை முதலிடத்தில் வைத்திருந்தேன். புத்தகத்தின் பெயர், ஆசிரியர் பெயர், கிழட்டுக் குதிரை ஒன்றை அடித்தே கொல்வதாக நாயகன் ரஸ்கோல்னிகோவ் காணும் கனவைத் தவற விடாதீர்கள் என்று ஒரு வரி. அவ்வளவுதான். நான் படித்தது எம்.ஏ.சுசீலாவின் மொழிபெயர்ப்பு. அதை எழுதவில்லை. அதே பெயரில் வேறொரு புத்தகமும் கடையில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

என் மாமா தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விழுப்புரத்திலிருந்து ரயிலேறி, என் பட்டியலைத் தாளில் எழுதிக்கொண்டு வந்து, கேட்டுக் கேட்டு வாங்கிப் போனார். இரண்டு மாதம் கழித்து போன்: “ஏன்டா, நானும் ரெண்டு தடவை புரட்டிட்டேன். நீ சொன்ன குதிரையைக் காணோமே?”

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். அப்புறம், வயதாகிவிட்டது, மறந்திருப்பார் என்று நினைத்தேன். சித்திரையில் ஊருக்குப் போனபோது புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். இருநூறு பக்கம்கூட இல்லை. மூல நாவல் ஆறு பாகங்களும் ஒரு பின்னுரையும் கொண்டது. இதில் பாகமே கிடையாது. ஒன்று, இரண்டு என்று பதினெட்டு அத்தியாயம். கொலை இருந்தது, விசாரணை இருந்தது, சைபீரியாவும் இருந்தது. குதிரை இல்லை. மதுக்கடையில் மர்மெலாதோவ் என்ற குடிகாரர் தன் கதையைக் கொட்டித் தீர்க்கும் இடம் ஒரு பத்தியாகச் சுண்டியிருந்தது. அட்டையில் ‘சுருக்கம்’ என்ற சொல் எங்கும் இல்லை. தலைப்புப் பக்கத்தின் பின்னால், பதிப்பு விவரங்களுக்குக் கீழே, பொடி எழுத்தில் ‘சுருக்கித் தந்தவர்’ என்று ஒரு பெயர்.

வெளியிட்டவர்மீது தப்பு இருக்கிறது, சரி. ஆனால் மாமாவை அந்தக் கடை வாசல்வரை அனுப்பியது நான்தானே? பணம் போனது பெரிய விஷயமில்லை. “எல்லாரும் பெரிசா சொல்றாங்க, போலீஸ் கதை மாதிரிதான் இருக்கு” என்று அவர் தீர்ப்பு எழுதிவிட்டார். முழுப் புத்தகத்தையும் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். “அதான் படிச்சாச்சே” என்று அலமாரியில் வைத்துவிட்டார். இன்றுவரை அது பிரிக்கப்படவில்லை.

மொழிபெயர்ப்புக்கு மட்டும்தான் இந்தச் சிக்கல் என்று நினைக்க வேண்டாம். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகம். கடைகளில் ஐந்து தொகுதியாகவும் கிடைக்கும், ஒரே குண்டுப் புத்தகமாகவும் கிடைக்கும், சுருக்கமாகவும் கிடைக்கும். ‘புதுமைப்பித்தன் கதைகள்’ என்று மட்டும் எழுதினால், ஆ.இரா.வேங்கடாசலபதி ஒவ்வொரு கதையின் வெவ்வேறு அச்சு வடிவங்களை ஒப்பிட்டுக் கால வரிசையில் பதிப்பித்ததைச் சொல்கிறீர்களா, ஏதோ ஒரு மறு அச்சைச் சொல்கிறீர்களா? ஆசிரியர் இறந்து அறுபது ஆண்டு கழிந்தால் காப்புரிமை முடிகிறது என்பதால், இந்தக் குழப்பம் வருடா வருடம் கூடத்தான் செய்யும்.

மொழிபெயர்ப்பாளர் பெயரை விடுவதில் இன்னொரு அநியாயமும் இருக்கிறது. நான் பார்த்த மூன்று பட்டியல்களில் ஒன்றில், ‘காண்டேகரின் நடை நீரோடை போல’ என்று ஒரு வரி. காண்டேகர் எழுதியது மராத்தியில். தமிழில் நீங்கள் ரசித்த அந்த நீரோடை, மொழிபெயர்த்த கா.ஸ்ரீ.ஸ்ரீ.யுடையது. சர்வதேச புக்கர் பரிசில் மொழிபெயர்ப்பாளருக்குப் பாதிப் பணம் போகிறது. நாம் பணமா கொடுக்கப் போகிறோம், பெயர்தானே?

ஆகவே ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஐந்து நிமிடம் செலவழித்து, தலைப்புப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மொழிபெயர்த்தவர் யார், பதிப்பித்தவர் யார், வெளியீடு எது, எத்தனை பக்கம் என்று எழுதுங்கள். எல்லாவற்றையும் எழுதச் சோம்பலாக இருந்தால் பக்க எண்ணிக்கையை மட்டுமாவது போடுங்கள். அறுநூறு பக்கம் என்று அன்றைக்கே நான் எழுதியிருந்தால், அந்த ஒல்லிப் புத்தகத்தைப் பார்த்ததுமே மாமா உஷாராகியிருப்பார். முப்பது வருடம் பார்சலை எடை போட்டவர்.

படித்த ஆண்டும் வந்த ஆண்டும்

‘இந்த ஆண்டின் சிறந்த புத்தகங்கள்’ என்று தலைப்பு வைத்துவிட்டு, உள்ளே பாதிக்கு மேல் பழைய புத்தகங்களாக இருக்கும். பழையதைப் படித்ததில் தப்பே இல்லை. எனக்கு அதுதான் பிடிக்கும். தலைப்பை ‘நான் படித்தவற்றில்’ என்று மாற்றினால் போதும். இல்லையென்றால் புது வெளியீடு என்று நம்பி, பதிப்பகத்தில் இருப்பே இல்லாத புத்தகத்தை ஒருவர் தேடிக்கொண்டிருப்பார். அச்சில் இல்லாதது என்று தெரிந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். எந்த நூலகத்தில் எடுத்தீர்கள் என்று சொன்னால் இன்னும் நல்லது.

விருது அறிவித்த மறுநாள் ஒன்றைச் சேர்ப்பது

சாகித்திய அகாதெமி விருது பெரும்பாலும் டிசம்பரில்தான் அறிவிக்கப்படும். எல்லோருக்கும் தெரியும்.

நண்பரின் புத்தகம்

சேர்க்கலாம். நண்பர் என்று சொல்லிவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாதியில் வைத்த புத்தகம்

வேண்டாம்.

விலை போடுவது

எழுதாதீர்கள். மறு அச்சு வந்திருந்தால் ஏறியிருக்கும், காட்சியில் பத்து சதவீதம் குறைந்திருக்கும். இரண்டுக்கும் உங்களைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்கள், அதுவும் பில் போடும் வரிசையில் நின்றுகொண்டு.