ஏழைகளின் பக்தியைப் பற்றி அங்கதத் திரைக்கதை எழுதுவது எப்படி

முதல் காட்சியை எழுதுவதற்கு முன் ஒரு வரவுசெலவுக் கணக்கை எழுதுங்கள். உங்கள் கதையில் வரும் தாய், நாள்பட்டும் காய்ச்சல் விடாத குழந்தையைக் கோடாங்கியிடம் தூக்கிச் செல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். தாளின் ஒரு பக்கத்தில் அரசு மருத்துவமனைக்குப் போய்வரும் பேருந்துக் கட்டணம், அன்றைக்கு அவள் இழக்கும் கூலி, வெளியே எடுத்துவரச் சொல்லும் ஸ்கேனுக்கான பணம், மறுபடி வரச் சொல்லும் நாளின் கூலி ஆகியவற்றை எழுதுங்கள். மறுபக்கத்தில் எலுமிச்சம்பழம், வெற்றிலை பாக்கு, ஒரு சேவல், தட்டில் வைக்கும் காணிக்கை ஆகியவற்றை எழுதுங்கள். பணத்தில் அடங்காத ஒன்றையும் கீழே குறித்துவையுங்கள்: மருத்துவமனையில் அவள் வாயைத் திறப்பதற்குள் அடுத்த சீட்டுக்காரரைக் கூப்பிட்டுவிடுகிறார்கள், கோடாங்கியோ குழந்தை எந்த நேரத்தில் வீறிட்டு அழுதது என்பது வரை உட்கார்ந்து கேட்கிறார். இந்தக் கணக்கு கையில் இருந்தால் அவளை அறிவற்றவளாகக் காட்ட உங்களுக்கு மனம் வராது.

அடுத்ததாக, அங்கதத்தின் கூர்முனை யார் மீது பாய வேண்டும் என்பதை முடிவு செய்யுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், தர்காவை நாடி அழைத்துவரப்பட்ட மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப வழியின்றி 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பங்களைப் பார்த்துச் சிரிக்க யாருக்கும் உரிமை கிடையாது. சங்கிலியை மாட்டிக் கட்டணம் வாங்கியவர், அதைக் கண்டும் காணாமல் இருந்த அதிகாரி, ஏழைக்கு எட்டும் தூரத்தில் மனநல மருத்துவரை வைக்காத நிர்வாகம் ஆகியோரே உங்கள் இலக்கு. கோயில் வேண்டாம் என்பதற்கும் கோயிலைக் கொடியவர் கூடாரமாக்க வேண்டாம் என்பதற்கும் உள்ள வேறுபாட்டை 1952இல் வந்த பராசக்தியின் நீதிமன்றக் காட்சி நம் பார்வையாளர்களுக்கு முன்பே கற்றுக்கொடுத்திருக்கிறது.

கதையின் கட்டமைப்பைப் பயில, உமேஷ் குல்கர்னி இயக்கி 2011இல் வெளியான தேவூள் என்ற மராத்திப் படத்தைப் பேனாவும் தாளுமாக உட்கார்ந்து பார்க்கும்படி வற்புறுத்திச் சொல்வேன். காணாமல்போன பசுவைத் தேடி அலையும் கேஷ்யா என்ற எளிய இளைஞன், மரத்தடியில் கண்ணயர்ந்த வேளையில் தத்தாத்ரேயர் என்ற கடவுளைக் கண்டதாகச் சொல்கிறான். அந்தச் சொல் ஊருக்குள் பரவ, மருத்துவமனை கட்ட நினைத்திருந்த கிராமம் கோயிலைக் கட்டி முடிக்கிறது. இதில் என்னை மிகவும் பாதித்தது, கேஷ்யா பொய் சொல்லவில்லை என்பதுதான். அவன் கண்டது அவனுக்கு உண்மை. அந்த உண்மை கடைக்காரர், ஒப்பந்ததாரர், அரசியல்வாதி என்று கைமாறக் கைமாற ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியதை அதிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். கடைசியில் அதைக் கண்டவனுக்கே அங்கு இடமில்லாமல் போகிறது. உங்கள் திரைக்கதையிலும் முதல் அனுபவம் நேர்மையானதாக இருக்கட்டும். ஒவ்வொரு பாத்திரத்தின் பெயருக்கு எதிரேயும் இந்த அற்புதத்தால் அவருக்குக் கிடைப்பது என்ன என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். எதுவுமே கிடைக்காத ஒருவர் பட்டியலில் இருப்பார். கதையை அவர் கண்வழியே சொல்லுங்கள்.

அற்புதம் நிகழும் காட்சியில்தான் பலர் சறுக்குகிறார்கள். பகுத்தறிவு பேசும் ஆசிரியர் ஒருவரைக் கொண்டுவந்து விளக்கம் சொல்லவைத்தால், அரங்கில் இருப்பவர் பாடம் கேட்கும் மனநிலைக்குப் போய்விடுவார். 1995 செப்டம்பர் 21 அன்று நாடெங்கும் பிள்ளையார் பால் குடித்ததாக மக்கள் திரண்டார்கள். கரண்டியின் விளிம்பு சிலையைத் தொட்டதும் பரப்பு இழுவிசை பாலை வெளியே இழுக்க, அது மெல்லிய படலமாகச் சிலையின் மேல் வழிந்து இறங்கியது. அறிவியலாளர்கள் பாலில் சாயம் கலந்து கொடுத்தபோது அந்தத் தடம் கண்ணுக்குத் தெரிந்தது. இதைப் படமாக்குவதாக இருந்தால், கூட்டம் கலைந்த பிறகு தரையைக் கழுவும் பெண்ணிடம் கேமராவைக் கொண்டுபோங்கள். சிலையின் அடியில் தேங்கிய பாலை அவள் வாளியில் வழித்துப் போடுகிறாள், ஒரு சொல்லும் பேசுவதில்லை. அவளும் காலையில் வரிசையில் நின்றவள் என்று முன்பே காட்டியிருந்தால் அந்த மௌனத்துக்குக் கனம் கூடும்.

சட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 295ஏ என்று அறியப்பட்ட பிரிவு, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இப்போது 299ஆக இருக்கிறது. மத உணர்வைப் புண்படுத்தும் தீய உள்நோக்கத்தோடு வேண்டுமென்றே செய்வதையே அது குற்றமாக்குகிறது. தணிக்கைக்கு அனுப்பும் முன் வழக்கறிஞர் ஒருவரிடம் திரைக்கதையைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

அதற்கும் முன்னால், மஞ்சள் துணியில் காசு முடிந்துவைத்திருக்கும் சிலரை உட்காரவைத்துத் திரைக்கதையை உரக்க வாசித்துக் காட்டுங்கள். பக்தியைக் காசாக்கும் தரகரைப் பார்த்து அவர்கள் சிரிக்கும் இடங்களை அப்படியே வைத்துக்கொண்டு, தங்களைச் சொல்வதாக எண்ணித் தலைகுனியும் இடங்களைத் திருத்துங்கள்.

இறுதிக் காட்சியில் அந்தத் தாயை நாத்திகராக மாற்றும் ஆசை உங்களுக்கு வரும். ஏர்வாடி தர்காவிலேயே பின்னாளில் மருந்தும் பிரார்த்தனையும் ஒருசேர நடக்கும் மனநலச் சிகிச்சைத் திட்டம் வந்ததை அப்போது நினைத்துக்கொள்ளுங்கள். குழந்தை மருந்தைக் குடிக்கட்டும். அதன் மணிக்கட்டில் மந்திரித்துக் கட்டிய கயிறும் இருக்கட்டும்.