வேலிக்கு என்ன செடி வைக்கலாம்?

பெங்களூரில் தனி வீடு வாய்த்தவர்கள் சுற்றுச்சுவர் ஓரமாக உயிர்வேலி வைக்க நினைத்தால், முதலில் வெயிலைப் பாருங்கள். ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் விழுந்தால் மருதாணி, செம்பருத்தி, இட்லிப்பூ மூன்றும் நன்றாக வரும். என் ஓட்டு மருதாணிக்குத்தான். வேர் பிடித்துவிட்டால் தண்ணீர் அதிகம் கேட்காது, எவ்வளவு வெட்டினாலும் துளிர்க்கும், கைக்கு அரைத்து வைக்க இலையும் கிடைக்கும். செம்பருத்தியில் மாவுப்பூச்சி வரும். இலைக்கு அடியில் வெள்ளையாகப் பஞ்சு போல் தெரிந்ததுமே தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள்.

கொஞ்சம் நிழல் என்றால் காமினி. வெள்ளைப் பூ, நல்ல வாசம். ஆனால் எலுமிச்சை மரம் உள்ள வீட்டில் வேண்டாம். எலுமிச்சைக்கு நோய் பரப்பும் சைலிட் பூச்சி காமினியிலும் குடியிருக்கும்.

சாமிக்குப் பூ ஆகுமே என்று அரளி வைக்கிறோம். சின்னக் குழந்தையோ நாயோ இருக்கிற வீட்டில் அது வேண்டவே வேண்டாம், முழுச் செடியும் நஞ்சு. டுரான்டாவின் மஞ்சள் காயும் அப்படித்தான், பழமென்று குழந்தைகள் வாயில் போட்டுவிடும்.

லால்பாக் பக்கம் சித்தாபுரா நர்சரிகளில் வாங்கும்போது உயரத்தைப் பார்த்து மயங்காதீர்கள். அடியிலிருந்தே கிளை விட்ட குட்டைக் கன்றுதான் வேலிக்கு ஆகும். ஜூனில் மழை பிடித்ததும் ஒன்றரை அடி இடைவெளியில் நடுங்கள். துளிர் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். மனசு கேட்காது, ஆனாலும் கிள்ளுங்கள், அப்போதுதான் பக்கக்கிளை வரும். அப்புறம் வெட்டும்போது அடி அகலமாகவும் மேலே சற்றுக் குறுகலாகவும் இருக்கட்டும். மேலே அகலமானால் கீழே வெயில் படாமல் இலை கொட்டி, அடிப்பக்கம் ஓட்டை விழுந்துவிடும்.