பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார்: வாங்குகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

பிரிட்டனில் சுபாரு இம்ப்ரெஸாவோ நிசான் ஸ்கைலைனோ தேடும் நண்பர்கள் எடுத்ததும் கேட்பது, "எத்தனை குதிரைத்திறன்?" என்றுதான். முதல் தவறே அந்தக் கேள்விதான். 1989 தொடங்கி 2004 வரை, ஜப்பான் கார் நிறுவனங்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு, எந்தக் காருக்கும் 280 குதிரைத்திறனுக்கு மேல் காட்டவில்லை. அதனால் காகிதத்தில் எல்லாம் 280தான். நான் கேட்பது வேறு: பானட்டைத் தொட்டுப் பார்த்தீர்களா?

போன குளிர்காலத்தில் ஒரு நண்பருக்காக 1998ஆம் ஆண்டு இம்ப்ரெஸா எஸ்டிஐ (அந்த மாடலின் வேகமான வகை) பார்க்கப் போனோம். காலை ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தோம். தெருவில் நின்ற கார்களெல்லாம் உறைபனி பூத்து வெள்ளையாக இருக்க, இதன் பானட் மட்டும் கறுப்பாகப் பளபளத்தது. கை வைத்தால் இளஞ்சூடு. இப்போதுதான் கொஞ்சம் நகர்த்தி நிறுத்தியதாக விற்பவர் சொன்னார். ஆறிக் கிடந்த இன்ஜினைக் கிளப்பும்போதுதான் பிஸ்டன் தட்டுகிற சத்தமும், பின்னால் வரும் நீலப் புகையும் தெரியும். முன்கூட்டியே சூடாக்கிவிட்டால் பாதி வியாதி மறைந்துவிடும். நாளைக்கு வருகிறோம், அதுவரை தொடாமல் வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தோம். மறுநாள் அவர் போனை எடுக்கவே இல்லை.

அப்புறம் ஏலச் சீட்டு. இங்கே இறக்குமதியாகும் கார்கள் பலவும் ஜப்பானில் ஏலத்தில் வாங்கியவை. அந்த ஏலத்தில் ஒவ்வொரு காருக்கும் அதன் நிலையைக் குறித்து ஒரு சீட்டு எழுதுவார்கள். 4.5, 4, 3.5 என்று மதிப்பெண்; ஆர் என்று போட்டிருந்தால் விபத்தில் அடிபட்டுச் சரிசெய்த வண்டி. கார் படத்தின் மேல் கீறலுக்கு ஏ, நசுங்கலுக்கு யூ, துருவுக்கு எஸ் என்று குறித்திருப்பார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது ஏலத்தன்று இருந்த நிலை. பதினைந்து வருடம் முன்பு வந்து இறங்கிய காருக்கு இன்னும் அந்தச் சீட்டைக் காட்டி விலை சொல்கிறவர், கல்யாண ஆல்பத்தைக் காட்டி வயதை மறைக்கிறவர் மாதிரி. இடைப்பட்ட கதைக்கு எம்ஓடி (பிரிட்டனில் கார் சாலைக்குத் தகுதியா என்று வருடாவருடம் பார்ப்பது) சோதனை வரலாற்றைப் பாருங்கள். அரசு இணையதளத்தில் நம்பர் பிளேட்டைத் தட்டினால் இலவசமாகக் கிடைக்கும். துரு பற்றிய எச்சரிக்கைகள்கூட வருடவாரியாக இருக்கும்.

ஓடிய தூரத்திலும் ஒரு குழப்பம் உண்டு. இங்கே வந்ததும் ஸ்பீடோமீட்டரை மைலுக்கு மாற்றுவார்கள். பல கார்களில் அதற்குப் பிறகு ஓடோமீட்டரும் மைலில் எண்ண ஆரம்பித்துவிடும். 98,000 என்று காட்டுகிற மீட்டரில் முதல் 70,000 கிலோமீட்டராகவும் மிச்சம் மைலாகவும் இருந்தால், உண்மையில் ஓடியது சுமார் 1,15,000 கிலோமீட்டர். எந்தத் தேதியில், எந்த எண்ணில் மாற்றினார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

என்னைக் கேட்டால், இன்ஜினைவிடப் பயப்பட வேண்டியது துருவுக்குத்தான். குளிர்காலத்தில் இங்கே சாலையெல்லாம் உப்புத் தூவுவார்கள். ஜப்பானின் பெரும்பகுதிச் சாலைகள் அப்படியில்லை. அங்கிருந்து வந்த பல கார்களுக்கு அடியில் துருத்தடுப்புப் பூச்சே கிடையாது. பழைய இம்ப்ரெஸா என்றால் பின்சக்கர வளைவுகள், ஆர்33 தலைமுறை ஸ்கைலைன் என்றால் பானட்டுக்குள் முன் சஸ்பென்ஷன் வந்து சேரும் மேடு. டிக்கி கம்பளத்தைத் தூக்கி டார்ச் அடியுங்கள். அடிப்பாகத்தில் நேற்றுப் பூசிய மாதிரி கருப்புப் பூச்சு இருந்தால் சந்தோஷப்பட வேண்டாம், சந்தேகப்படுங்கள்.

பெட்ரோலில் கஞ்சத்தனம் கூடாது. ஜப்பானில் 'ஹை-ஆக்' என்று பங்கில் விற்பது பொதுவாக 100 ஆக்டேன் (பெட்ரோல் நேரம் தவறி வெடிக்காமல் எவ்வளவு தாங்கும் என்ற அளவு). இந்த இன்ஜின்களை அதற்குத்தான் அமைத்தார்கள். இங்கே சாதா பெட்ரோல் 95. அதை ஊற்றி, டர்போ (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) முழுசாக வேலை செய்யும்படி மிதித்தால் நாக்கிங் வரும், அதாவது பெட்ரோல் நேரம் தவறி வெடிக்கும். சுபாருவின் இஜே20 இன்ஜினில் பிஸ்டன் வளையம் உட்காரும் விளிம்பே உடைந்துபோகும். 99 கிடைக்கிற பங்கைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கைலைன் ஜிடி-ஆர் வாங்குகிறவர்கள் பூஸ்ட்டை, அதாவது டர்போ தள்ளும் காற்றழுத்தத்தை, ஏற்றத் துடிப்பார்கள். அதன் ஒரிஜினல் டர்போவில் புகை பக்கத்துச் சக்கரம் பீங்கான். அழுத்தம் கூடினால் அது பிய்ந்து போகும்.

மஸ்டா ஆர்எக்ஸ்-7 தனிக் கதை. பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் இன்ஜின் என்பதால், உள்ளே அழுத்தத்தை அளக்கும் சாதாரண கம்ப்ரெஷன் மீட்டர் போதாது. ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்று முகம்; மூன்றையும் தனித்தனியாக அளக்கும் கருவி வேண்டும். அது இல்லாத மெக்கானிக் தருகிற சான்றிதழுக்கு மதிப்பில்லை.

கையில் இருக்கும் காசையெல்லாம் காருக்கே கொட்டிவிடாதீர்கள். இன்ஜின் வால்வுகளை ஓட்டும் டைமிங் பெல்ட்டை மாற்றியதற்கு பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். இன்சூரன்ஸ் விலையை வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். முன்பிருந்தவர் மாற்றிய எக்ஸாஸ்டைக்கூடச் சொல்லிவிடுங்கள். மறைத்தால் க்ளெய்ம் நேரத்தில் கம்பெனி கையை விரித்துவிடலாம். உதிரிபாகக் கடைக்குப் போகும்போது காரின் அடையாள எண் பொறித்த சேஸிஸ் தகட்டைப் படம் எடுத்துப் போங்கள். ஜப்பான் எண் குட்டையானது. எழுத்தும் எண்ணுமாக 17 இடம் கேட்கிற கம்ப்யூட்டர் அதை ஏற்காது.

நண்பர் கடைசியில் எந்த மாற்றமும் செய்யாத, பில் கத்தையோடு வந்த ஒரு சாதா இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸ் வாங்கினார். தினமும் ஓட்டுகிறார். எண்ணெய் சூடாகும்வரை டர்போவை எழுப்புவதில்லை. ஒரே ஒரு குறை: ஜப்பான் ரேடியோ 90 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடுவதால் பிபிசி ரேடியோ 2 மட்டும்தான் ஒழுங்காகக் கேட்கிறது. வேறு செட் மாட்டித் தருகிறேன் என்றேன். வேண்டாம், இன்ஜின் சத்தம் போதும் என்றுவிட்டார்.